பினுவுக்குக் கோர்ட்டு கொடுத்த மன்னிப்பு

ஜூன் 9, செவ்வாய்

அப்பி,

விடிந்தது முதல் மழை. காற்றும். கிணற்றடி வாழை இரண்டு சாய்ந்து கிடக்கிறது. கம்பு கொடுக்க வேண்டும். முந்திரி உடைக்கிற அண்டியாபீஸுக்கு இன்று போகவில்லை.

நீ வாங்கி வைத்து எழுதாமல் போன நோட்டு இது. எழுதின நோட்டு எல்லாம் போலீஸ்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் நீ சிரிப்பாய். சிரி.

பத்து மணிக்கு அரசு வக்கீல் அம்மா போன். பினு அப்ரூவர் ஆகப் போகிறானாம்.

"அப்பிடீன்னா என்னது மேடம்?"

"செய்த குத்தத்தையும், செய்யச் சொன்னவங்களையும் மறைக்காம கோர்ட்டுல சொல்லுவான். அதுக்குப் பதிலா கோர்ட்டு அவனுக்கு மன்னிப்பு கொடுக்கும். அப்புறம் அவன் குற்றவாளி இல்ல, சாட்சி."

"ஆரு மன்னிக்கது?"

"ஜட்ஜ்."

"ஜட்ஜுக்க மகனா செத்தான்?"

போனில் மழைச் சத்தம் கேட்டது. அவர்கள் பக்கமும் மழை போல. பிறகு சொன்னார்கள், என் சம்மதம் சட்டத்துக்குத் தேவை இல்லை, ஆனால் நான் எதிர்த்து மனு போட்டால் ஜட்ஜ் யோசிப்பார் என்று. புதனுக்கு அடுத்த புதன் விசாரணை. அதற்குள் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். மறப்பதற்காக இல்லை. கோர்ட்டில் நாக்கு குழறாமல் இருக்க.

- கடலரிப்புச் சுவர் கட்டுவதற்கு என்று மலையை உடைத்தார்கள். கல் கடற்கரைக்குப் போகவில்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போயிற்று. அதை நீ பத்திரிகையில் எழுதினாய். மூன்று தடவை.
- பகல் பதினொன்றரை. ரப்பர் தோட்டத்து வளைவு. நீ ஸ்கூட்டரில். பினு குவாரி லாரியில்.
- ஸ்டேஷனில் எஸ்.ஐ. விபத்து என்று எழுதினார்.
- வளைவை ஒட்டிய வீட்டுக் கேமராவில் லாரி முன்னால் போயிற்று. நின்றது. பின்னால் வந்தது. அப்புறம்தான் கொலைக் கேஸ் ஆயிற்று. பினு உள்ளே. குவாரிக்காரனும் எஸ்.ஐ.யும் ஜாமீனில் வெளியே.
- உன் பத்திரிகை இரண்டு வரி போட்டது. "இறந்தவர் எமது ஊழியர் அல்ல."

இன்னொன்று. இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. நம் அய்யாவழி முறைப்படி உன்னை வடக்கு பார்த்து உட்கார வைத்து அடக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே உன்னை உட்கார வைக்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரித் துணியை அவிழ்க்கவே விடவில்லை. படுக்க வைத்துத்தான் மண் போட்டார்கள். குழி தோண்டினவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவனை மன்னிக்கவா? அவன் முட்டு இரண்டையும் அண்டி உடைக்கிற கட்டையால் உடைக்க வேண்டும். ஒரே அடியில் இல்லை. பைய.


ஜூன் 10, புதன்

மழை விட்டுவிட்டு. வேலைக்குப் போனேன்.

கையில் சாம்பல் தொட்டு, கொட்டையை நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. முப்பது வருஷம் செய்த வேலை. இன்று எல்லாம் பொடி. மேஸ்திரி வந்து கூடையைப் பார்த்தார்.

"என்ன சரோஜா, முழுப் பருப்பு ஒண்ணு தேறுமா? ஆருக்க மண்டைன்னு நெனச்சு அடிக்கிய?"

"பினுவுக்க."

சிரித்த பெண்கள் எல்லாம் வாயை மூடினார்கள். மேஸ்திரி கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருக்கும் தங்கம் மட்டும் குனிந்தபடியே சொன்னாள்:

"அவன விடப் போறாவளாமே. எனக்க மகனா இருந்தா நான் கோர்ட்டுலயே அவனக் கடிச்சிருப்பேன்."

"ஒனக்குப் பல்லு ஏதுட்டி?"

"ஈறு போதும்."

நானும் சிரித்துவிட்டேன். உனக்குப் பிறகு முதல் தடவை.

மதியம் வறுக்கிற கொட்டகைப் பக்கம் போனேன். முந்திரித் தோட்டில் வடிகிற எண்ணெய் டப்பாக்கள். இருமல் மருந்துக் குப்பியில் பிடித்துக்கொண்டேன். கறுப்பு, பிசுபிசுப்பு. இது பட்ட உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. மறுநாள் தோல் பொங்கும். அதற்கு மறுநாள் உரியும். கண்ணில் பட்டால் அப்போதே. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் தெரியாமல் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

கோர்ட்டில் அவனை என் பக்கமாகத்தான் கொண்டுபோவார்கள். ஒரு கை நீட்டினால் போதும்.

ராத்திரிக்குக் கஞ்சியும் காணத் துவையலும்.


ஜூன் 13, சனி

வெயில். எரிக்கிற வெயில். புதுக்கடையில் பஸ் மாறிக் கடற்கரைக்கு.

அனிஷா என்று ஒரு பெண் நாலைந்து தடவை கூப்பிட்டிருந்தாள். ஓவியம் படித்தவள். நீ கடலரிப்பு பற்றி எழுதப் போனபோது அவளைப் பார்த்துப் பேசினாயாம். கடல் எடுத்த வீடுகள் இருந்த இடத்தில் ஒரு காட்சி வைத்திருக்கிறாள், வந்து பார்க்க வேண்டும், உன் பொருள் ஏதாவது தர வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த ஒற்றைச் செருப்பைப் பையில் எடுத்துக்கொண்டேன்.

முன்பு தெரு இருந்த இடத்தில் மணல். மணலில் கதவுகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறாள். வீடு இல்லாத கதவுகள். கடல் எடுத்தபோது மிஞ்சியவை. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர். கடைசியில், அந்தத் தெருக்காரி பிலோமியின் வீட்டுச் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது. அதில் நீ.

நெற்றியில் இருந்து தாடை வரை ஓர் ஆள் உயரம். சிவப்பு மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து வரைந்திருக்கிறாள். இடது புருவத்துத் தழும்பு கூட இருந்தது.

அனிஷா மெல்லச் சொன்னாள்: "இது அந்தக் குவாரி மலையோட மண்ணும்மா. அடுத்த வாரம் கடல் ஏறும். சுவரு விழும். முகமும் அதோட போகும். மலைய உடைச்சதுக்கும் கடல் ஏறுறதுக்கும் நடுவுல நின்னவரு அவரு. கடல் எடுக்கட்டும்னுதான் இங்க வரைஞ்சேன். அதுதான் இந்தப் படத்தோட முடிவு."

"முடிவா?"

"ஆமாம்மா."

அடித்தேன். என் கை எப்படி என்று உனக்குத் தெரியும். அண்டி உடைத்த கை. உதடு வெடித்துவிட்டது அவளுக்கு. மறுபடி ஓங்கினேன். "எத்தன மட்டம் சாவணும்ட்டி அவன்? ஒரு மட்டம் அவனுவ கொன்னது போதாதா? நீ வேற தேதி குறிக்கியா?"

படம் எடுத்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர்கள் விலகினார்கள். பிலோமிதான் என் கையைப் பிடித்தாள். அவளும் சும்மா பிடிக்கவில்லை, முறுக்கினாள்.

"விடு அக்கா. ஒரு வாரமா எனக்க கூட கஞ்சி குடிச்சு, வெயில்ல மண்ணு சுமந்த பிள்ள. கடலுக்கு ஒனக்க மகன், எனக்க வீடுன்னு உண்டா? எனக்க அடுக்களைய அது கேட்டுட்டா கொண்டுபோச்சு?"

"ஒனக்கு அடுக்களை. எனக்கு..."

"அறியும். அவன் இந்தத் திண்டுலதான் இருந்து எழுதினான். இங்க வந்த கல்லு ஆறு லோடுன்னு எண்ணிச் சொன்னது நானாக்கும். அங்க பாரு போர்டு. சுவரு கட்டி முடிச்சாச்சுன்னு எழுதியிருக்கு. போர்டு மட்டும்தான் இப்போ கடலத் தடுக்குது."

போர்டைப் பார்த்தேன். தகரம், நல்ல பெயிண்ட். பின்னால் அலை.

அனிஷா ரத்தத்தைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எனக்குக் குடிக்க வெள்ளம் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

செருப்பைக் கொடுக்கவில்லை. வாரில் ரத்தம் காய்ந்து இருக்கிறது. அதை யாரும் பார்க்க வேண்டாம்.


ஜூன் 15, திங்கள்

தூறல்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் உன் பத்திரிகையின் தலைமை நிருபர். உன்னை ஊழியர் அல்ல என்று எழுதின அதே சார். வீட்டு முற்றம் வரை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைல். உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, உங்க மகனக் கொன்னவன விடப் பாக்குறாங்க. நாம விடக்கூடாது."

"நாம" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அப்பி. வெட்கமாக இருக்கிறது. ஆனால் நிறைந்தது.

பைலில் மனு. டைப் அடித்து, என் பெயர், என் வயது, என் அப்பன் பெயர் எல்லாம் சரியாக. பினுவுக்கு மன்னிப்பு கொடுக்கக் கூடாது, இறந்தவரின் தாயாகிய நான் கடுமையாக எதிர்க்கிறேன். என் மனதில் இருந்தது அப்படியே. ஒரு சொல் கூட மாற்ற வேண்டியது இல்லை.

பேனா வாங்கினேன். கையில் பிடித்து எழுத வராமல் மனுவைத் தரையில் வைத்து "ச" போட்டுவிட்டேன். அடுத்த எழுத்துக்கு முன்னால் சும்மா கேட்டேன்.

"இதுல மத்தவங்க பேரு இல்லியே சார்?"

"எந்த மத்தவங்க?"

"குவாரிக்காரன். எஸ்.ஐ."

"அவங்களுக்கு எதிரா என்னம்மா இருக்கு? ஓட்டினது பினு. கேமராவுல பினு. அவனுக்கு ஆயுள் உறுதி. உங்களுக்கு அது போதாதா?"

அவர் சாயா டம்ளரைக் கீழே வைத்த விதம். ரொம்ப மெதுவாக.

வாசல் வரை போய் எட்டிப் பார்த்தேன். சந்து முனையில் கார். ஓட்டுநர் இருக்கையில் குவாரி ஆபீஸ் மேனேஜர். விபத்து என்று ஸ்டேஷனில் என்னிடம் கையெழுத்து வாங்க வந்தவன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பினுவின் கழுத்தைக் கேட்டு நான் கத்துவது அவர்களுக்குத்தான் வேண்டும். பினு வாய் திறக்காமல் உள்ளே போனால், செய்யச் சொன்னவன், மூடி மறைத்தவன் எல்லாரும் வீட்டில் கோழிக்கறி தின்பார்கள். என் வெறியை வைத்து அவர்கள் தப்பப் பார்க்கிறார்கள்.

மனுவைக் கிழித்தேன். அவர் சட்டைப் பையில் திணித்தேன். அது போதாமல், தேங்காய் உரிக்கிற பாரையைப் பிடுங்கிக்கொண்டு சந்துக்கு ஓடினேன். முன் கண்ணாடியில் ஒரு குத்து. பக்கக் கண்ணாடியில் ஒன்று. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டான். இல்லையென்றால் அவன் தலையில்தான் விழுந்திருக்கும். அதற்காகத்தான் ஓங்கினேன். பொய் எழுதவில்லை.

நிருபர் சார் சேற்றில் நின்றுகொண்டு கத்தினார்.

"கேஸ் குடுப்பேன், தெரியுமா? கேஸ் குடுப்பேன்!"

"குடும் சார். அதையாவது பத்திரிகையில போடுவியளா?"

தங்கத்தின் வீட்டில் இருந்து யாரோ கை தட்டினார்கள்.

என் உள்ளங்கையில் கண்ணாடித் துண்டு. எடுத்துவிட்டேன். வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டு, எதிர்ப்பு மனு இல்லை என்று சொன்னேன். "நன்றிம்மா" என்றார்கள். நன்றி எதற்கு? நான் எதுவும் கொடுக்கவில்லை.

குப்பி இன்னும் அரிசிக்குள்தான் இருக்கிறது. மனு போடாமல் இருப்பது வேறு. அது வேறு.


ஜூன் 17, புதன்

மழை இல்லை. வடசேரியில் இறங்கி, நடந்து கோர்ட்டுக்கு.

வாசலில் பெண் போலீஸ் பை சோதனை. இருபத்தைந்து வயது இருக்கும். குப்பியை எடுத்தாள்.

"என்னது?"

"கால் வெடிப்புக்குள்ள மருந்து."

மூடியைத் திறந்து மோந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் புரட்டிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறதே.

"எனக்க அம்மையும் அண்டியாபீஸ்தான் அக்கா. வெடிப்புக்கு இவ்வளவு வேண்டாம்."

குப்பியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"இத நான் எழுதினா நீங்க உள்ள போவிய. அவன் வெளிய வருவான். போங்க, செனம் போங்க. பேரு கூப்பிடுதாவ."

குப்பியை ஓடையில் கவிழ்த்துவிட்டு, அடுத்த ஆளின் பையைத் திறந்தாள். அவள் பெயர் பட்டையைப் படிக்க மறந்துவிட்டேன்.

உள்ளே பினு. முதல் தடவையாக அவ்வளவு பக்கத்தில். உன்னைவிட இரண்டு வயது மூப்பு இருக்கும். மெலிந்து போயிருக்கிறான். கழுத்தில் எலும்பு. அந்தக் கழுத்தையே பார்த்தேன். குவாரிக்காரன் பின்னால் நாற்காலியில், போன் நோண்டிக்கொண்டு. எஸ்.ஐ. சாதாரணச் சட்டையில்.

ஜட்ஜ் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இவருக்கு மன்னிப்பு வழங்குவது பற்றி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

நிறைய யோசித்துப் போயிருந்தேன். எல்லாம் போயிற்று.

"நீங்க குடுக்கது குடுங்க ஐயா. எனக்க கிட்ட இல்ல."

"எது இல்லை?"

"மன்னிப்பு. பானையில அரிசி இல்லன்னு சொல்லுவோம்லா, அப்பிடியாக்கும். ஒளிச்சு வச்சிட்டுச் சொல்லல்ல. இல்ல."

எழுதுகிறவர் டைப் அடிப்பதை நிறுத்தினார். ஜட்ஜ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில் வாசித்து, பினுவுக்குத் தமிழில் சொன்னார். தெரிந்த அனைத்தையும், உள்ளபடி, மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் மன்னிப்பு போகும், பழைய கூண்டுக்கே திரும்ப வேண்டும். சம்மதமா?

"சம்மதம் ஐயா."

மன்னிப்பு என்பது அவ்வளவுதான். ஒரு தாள், ஒரு சீல். கால் மணி நேரம் ஆகவில்லை.

மன்னிப்பு கிடைத்தாலும் வழக்கு முடியும் வரை அவனுக்கு ஜெயில்தானாம். வெளியே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பினான். விலங்கு குலுங்கிற்று. காறித் துப்பினேன். அவன் பாதத்தில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம்.


ஜூன் 20, சனி

பேய் மழை. கரண்ட் இல்லை. கோழி ஒன்று செத்தது.

பிலோமி போன். நேற்று உச்சி வெயிலுக்கே கடல் ஏறி, சுவர் விழுந்ததாம். முதலில் உன் தாடைப் பக்கம். பிறகு மொத்தமும் ஒரே அடியில். தண்ணீர் சிவப்பாகக் கலங்கித் தெரிந்தது என்றாள். கடல் எடுக்கட்டும் என்று சொன்ன அனிஷா, இடுப்பளவு வெள்ளத்தில் குதித்து, விழுந்த கல்லைப் பிடித்து இழுத்தாளாம். நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்களாம். கை எல்லாம் சிராய்ப்பு.

"பிராந்து பிடிச்சவ, பைத்தியக்காரி" என்றாள் பிலோமி. ஆனால் திட்டுவது போல் இல்லை.

அனிஷாவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். உதடு ஆறியதா என்று கேட்டேன். ஆறிவிட்டது என்றாள்.


ஜூன் 24, புதன்

பினு சாட்சி சொன்ன நாள். காலை பதினொன்று முதல் மதியம் வரை. அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

அரசு வக்கீல் அம்மா கேட்டார்கள், நீ அந்த நேரத்தில் அந்த வழியாக வருவாய் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"எஸ்.ஐ. சார்தான் மொதலாளிக்குச் சொன்னாரு. மிரட்டுதாவன்னு செத்துப்போனவன் ஸ்டேஷன்ல புகார் குடுத்திருந்தான். விசாரிக்கணும்னு அவன அந்த நேரத்துக்கு வரச் சொன்னதே எஸ்.ஐ. சாராக்கும்."

எனக்குச் சொல்லாமல் புகார் கொடுத்திருக்கிறாய். அன்று காலையில் புட்டு வேண்டாம், நேரமாயிற்று என்றாயே. அங்கேயா போனாய்?

"மொதல்ல பின்னால இருந்து இடிச்சேன். ஸ்கூட்டர் ஓடைக்குப் போச்சு. அவன் ரோட்டுல கெடந்தான். ஒரு காலு ஒடிஞ்சிருந்து. கைய ஊணி எழும்பி இருந்தான். நான் கண்ணாடிய இறக்கிப் பாத்தேன். என்னைப் பாத்து, 'எவன் சொல்லி வந்தே?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல்ல. மொதலாளிக்குப் போன் போட்டேன். 'பேசுதானா?'ன்னு கேட்டாரு. 'பேசுதான்'ன்னு சொன்னேன். 'அப்போ பின்னால எடு'ன்னாரு."

குவாரிக்காரன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். எஸ்.ஐ. எழுந்து வெளியே போகப் பார்த்தார், உட்கார் என்றார் ஜட்ஜ் ஐயா. இரண்டு பேர் ஜாமீனையும் ரத்து செய்ய மனு கொடுக்கப் போவதாக வக்கீல் அம்மா என் காதில் சொன்னார்கள். கால் ஒடிந்து ரோட்டில் இருந்துகொண்டு நீ கேட்டதற்குப் பதில் இப்போது கோர்ட்டுத் தாளில் ஏறிவிட்டது, அப்பி. பினுவைத் தூக்கில் போட்டிருந்தால் அது ஏறியிருக்காது. இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும், பாரை கையில் இருந்திருந்தால் அவன் நெஞ்சில் இறக்கியிருப்பேன். இரண்டும் உண்மை.

பிறகு குவாரிக்காரனின் வக்கீல் எழுந்தார். பினுவை மடக்கப் பார்த்தார்.

"இரண்டாவது முறை வண்டி ஏறும்போது அவர் எதுவும் பேசினாரா?"

"பேசினான் சார்."

"என்ன பேசினார்?"

"அறியல்ல. நான் கண்ணாடிய ஏத்திட்டேன். வாயி அசைஞ்சுது. கேக்கல்ல."

"அனைத்தையும் சொல்வதாகத்தானே மன்னிப்பு வாங்கினாய்? மறைக்கிறாய்."

"மறைக்கல்ல சார். கேக்காம இருக்கத்தான் கண்ணாடிய ஏத்தினேன்."

நான் எழுந்துவிட்டேன். எப்படி அசைந்தது வாய் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். "ரெண்டு உதடும் ஒட்டிச்சா லே? ஒட்டித் தொறந்துதா? பாத்தல்லா? சொல்லு!" பெண் போலீஸ் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். வேறு ஒருத்தி, அன்றைக்குக் குப்பியைக் கவிழ்த்தவள் இல்லை. பினு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, தெரியாது என்றா, விளங்கவில்லை. ஜட்ஜ் ஐயா அதை எழுதச் சொல்லவில்லை. அது கேஸுக்குத் தேவை இல்லையாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அம்மை என்றால் உதடு ஒட்டுகிறது. வேண்டாம் என்றாலும் ஒட்டுகிறது. தண்ணி என்றால் ஒட்டவில்லை.

மழை விட்டிருக்கிறது. விளக்கு வைத்தேன். சாப்பிடவில்லை.

அப்பி, என்னையா கூப்பிட்டே?